உங்களுக்குத் தெரியுமா? வழியில் சிதையும் பாக்கெட்டுகள்!

திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு போனில் தட்டுகிறீர்களே, உங்கள் விவரம் முழுசாக சர்வருக்குப் போவதில்லை! துண்டு துண்டாகத்தான் போகிறது. ஒரு துண்டுக்கு வழக்கமான உச்சவரம்பு 1,500 பைட். அதுதான் பாக்கெட்!

ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் 4 பைட்டில் ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கும். பெயர் சிஆர்சி. 1961-ல் வெஸ்லி பீட்டர்சன் கண்டுபிடித்த கணக்கு. கன்னாபின்னாவென்று சிதைந்த பாக்கெட் இதன் கண்ணில் மண்ணைத் தூவ வாய்ப்பு எவ்வளவு? 429 கோடியில் 1!

அப்படியானால் தப்பே உள்ளே வராதா? வருகிறது! 2000-ல் ஜொனாதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் நிஜமான இணையப் பாக்கெட்டுகளை அள்ளிச் சோதித்தார்கள். அடுத்த காவலான டிசிபி சோதனையில் மாட்டியவை, 32,000-க்கு 1 முதல் 1,100-க்கு 1 வரை! கேபிளைத் திட்டாதீர்கள். குற்றவாளிகள் பலர் கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் உள்ளேயே இருந்தார்கள்!

கேபிளுக்குத் தப்பு செய்ய அனுமதியே உண்டு! கிகாபிட் செம்புக் கேபிளுக்கான விதி, 1,000 கோடி பிட்டுக்கு 1 பிழை வரை பொறுத்துக்கொள்கிறது. முழு வேகத்தில் ஓடினால் அது 10 வினாடிக்கு ஒன்று! நல்ல கேபிள் இதைவிடப் பல மடங்கு ஒழுக்கம். ஆகவே கம்ப்யூட்டர் காட்டும் எரர் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள்!

அந்தக் கேபிளை உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே 8 கம்பி, 4 ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பழுப்பும் சும்மா இருக்கும்! கிகாபிட்டுக்கோ நாலு ஜோடியும் வேண்டும். நீலத்தில் ஒரே ஒரு கம்பி அறுந்தால் பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எல்லாம் ஓடும். வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்கு!

நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? டிசிபி வேகத்தைக் கணக்கிட 1997-ல் வந்த மாத்திஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 20 மில்லி வினாடி தாமதம், 1 சதவீத இழப்பு. பழைய டிசிபி முறையில் ஒரு இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 7 மெகாபிட்! லைன் 1,000 மெகாபிட்டாக இருந்தாலும் சரி!

லினக்ஸ் சர்வரில் 'எரர்' வேறு, 'டிராப்' வேறு! எரர் என்றால் பாக்கெட் கெட்டுப்போய் வந்தது. டிராப் என்றால் நல்ல பாக்கெட்டையே சர்வர் தள்ளிவிட்டது! திருமலை வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸ் நிரம்பினால் வரிசை வெளியே நீளும். சர்வரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான ரிங் பஃபர் நிரம்பினால் வெளியே நிற்க இடமே கிடையாது. வந்த பாக்கெட் அப்படியே காலி! கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. பஃபரைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் குறையும்! (2011-ல் வெளிவந்த 2.6.37 கெர்னல் முதல் இன்னொரு வேடிக்கை. சர்வருக்குப் புரியாத மொழியில் வரும் பாக்கெட்டுகளும் இதே டிராப் கணக்கில்தான் சேரும்!)

பேய்ப் பிழையும் உண்டு! பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பார்த்தால், சர்வரிலிருந்து கிளம்பும் பாக்கெட் வரிசையாக 'செக்சம் (சரிபார்ப்பு எண்) தவறு' என்று வரும். பதற வேண்டாம். செக்சம் போடும் வேலையை நெட்வொர்க் கார்டு எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்தது அது போடுவதற்கு முன்னால்!

ஆந்திர அரசின் ஃபைபர் இணையம் வீடுகளுக்கு எதன் மேல் வந்தது தெரியுமா? கரண்ட் கம்பங்கள் மேல்! செம்புக் கம்பியை மின்சாரம் குழப்பும். கண்ணாடியில் ஓடும் ஒளியை அசைக்க முடியாது. ஒளி போகும் பாதையின் அகலம்? சுமார் 9 மைக்ரான்! முனையில் உட்காரும் தூசியே அதற்கு எமன்!

ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா இப்போது நெல்லூர் மாவட்டத்தில் இல்லை! 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். அங்கிருந்து 2013 நவம்பர் 5 அன்று கிளம்பிய மங்கள்யான், 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயை அடைந்தபோது அதன் சிக்னல் பூமிக்கு வர 12 நிமிடத்துக்கும் மேல்! பூமியில் புது இணைப்பில் பதில் வராவிட்டால் சர்வர் 1 வினாடியில் மறுபடி அனுப்பும். செவ்வாயிடம் 'இன்னொரு தடவை அனுப்பு' என்று கேட்டு வாங்க 25 நிமிடம்! அதனால்தான் விண்கலங்கள் தகவலோடு திருத்தும் பிட்டுகளையும் சேர்த்தே அனுப்புகின்றன. கெட்டுப்போய் வந்தாலும் பூமியிலேயே சரிசெய்துகொள்ளலாம்!

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கி. அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ராடார். 32 வரிசை, வரிசைக்கு 32 யாகி ஆண்டெனா, ஆக 1,024! தொடக்கத்தில் அதன் உச்ச சக்தி 2.5 மெகாவாட்! வானத்திலிருந்து திரும்புவதோ இரைச்சலில் மூழ்கிய முணுமுணுப்பு. துடிப்புகளைச் சங்கேதமாக மாற்றி மாற்றி அனுப்பி, அந்த முணுமுணுப்பைக் கணக்குப் போட்டே மீட்கிறார்கள்!

ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகிவிடும்? 1980 அக்டோபர் 27. ஆர்பாநெட்டில் சில பிட்டுகள் உதிர்ந்தன. இணையத்தின் தாத்தா கிட்டத்தட்ட 4 மணி நேரம் படுத்த படுக்கை! 2008 ஜூலை 20. அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குள் சில செய்திகளில் ஒற்றை பிட் புரண்டது. அந்தச் செய்திகளுக்கு மட்டும் சரிபார்ப்பு எண் கிடையாது. 8 மணி நேரம் சேவை அவுட்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 2013-ன் 'மரணப் பாக்கெட்'! இன்டெல் 82574எல் சிப். பாக்கெட் துளிக்கூடச் சிதையவில்லை. சிஆர்சி சரி. ஆனால் 1,151-ஆம் இடத்தில் '2' என்ற எழுத்து வந்தால் நெட்வொர்க் கார்டு அவுட்! ரீபூட் செய்தாலும் எழாது. பவரைத் துண்டித்துத்தான் எழுப்ப வேண்டும். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் தப்பாக எழுதிய சின்ன நிரல்தான் காரணம் என்றது இன்டெல். '3' வந்தாலும் அதே கதி. '4' வந்தால்? கார்டுக்கு அதுவே தடுப்பூசி! அதன் பிறகு '2' வந்தாலும் ஒன்றும் ஆகாது!