படியெடுத்தால் வாழும் நூல்

(மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கிய மாணவன் எழுதியது)

நூல்கள் நெருப்பால் அழிகின்றன, நீரால் அழிகின்றன, செல்லரித்தும் அழிகின்றன. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பகை ஒன்று உண்டு. அது படியெடுப்பார் இல்லாமை. பனையோலை சில நூறு ஆண்டுகளே தாங்கும். ஆயினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எப்படி? ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் நைந்த ஏட்டை முன்னே வைத்துக்கொண்டு புதிய ஏட்டில் எழுத்தாணி பிடித்தார். எவர் ஏட்டை எவரும் பெயர்த்தெழுதவில்லையோ, அந்த நூலின் பெயர் மட்டுமே இன்று உரைகளில் எஞ்சி நிற்கிறது.

ஓலையிலிருந்து தாளுக்கு நூல்களை மாற்றிய பெரியோரை நாம் அறிவோம். ஆறுமுக நாவலர் (1822-1879), சி.வை. தாமோதரம் பிள்ளை (1832-1901), உ.வே. சாமிநாதையர் (1855-1942) ஆகியோரின் உழைப்பு இல்லையேல் நம் பாடத்திட்டத்தில் பாதி இல்லை. இன்று அந்தத் தாளும் பழுப்பேறி, மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்துவிட்டது. எனவே மூன்றாவது மாற்றம் ஒன்று நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. தாளிலிருந்து மின்நூலுக்கு மாறும் மாற்றம் அது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களுடைய பணி எத்தகையது, அதில் நம் போன்ற மாணவர்க்கு என்ன பங்கு உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்றின் மேல் ஒரு பாடம்

நான் அவலூர்பேட்டையிலிருந்து கல்லூரிக்கு வருபவன். செஞ்சிப் பகுதியினர்க்குக் கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செஞ்சிக்கு அருகிலேயே உள்ள திருநாதர்குன்றை நம்மில் பலர் ஏறிப் பார்த்ததில்லை. அங்கே ஒரு பெரும் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றில் ஒரு கல்வெட்டும் உண்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அது சொல்கிறது. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்துக் கல்வெட்டு அது என்பர் அறிஞர்.

கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆனால் அதன்முன் போய் நின்றால் நம்மில் எத்தனை பேரால் ஓர் அடியேனும் படிக்க முடியும்? பொருளைக் காப்பது வேறு, அது படிக்கத் தக்கதாய் இருக்கும்படி காப்பது வேறு என்னும் உண்மையை அக்குன்று நமக்குக் கற்பிக்கிறது. மின்நூல் தொண்டர்களின் உழைப்பு முழுவதும் இந்த இரண்டாவது வகைக் காப்பைச் சேர்ந்தது.

மதுரைத் திட்டம்

உலகில் இப்பணிக்குக் கால்கோள் இட்டவர் அமெரிக்காவின் மைக்கேல் ஹார்ட். அவர் 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தம் கையாலேயே தட்டச்சு செய்து பிறர்க்கு இலவசமாக அளித்தார். அதுவே கூட்டன்பர்க் திட்டத்தின் முதல் நூல்.

தமிழில் அத்தகைய முயற்சி 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கியது. சங்கம் வளர்த்த நகரின் பெயரால் அதற்கு மதுரைத் திட்டம் எனப் பெயரிட்டனர். அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணை நின்றார். முதல் வெளியீடு திருக்குறள். அதன்பின் சங்க நூல், காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், இக்கால உரைநடை என நூற்றுக்கணக்கான நூல்கள் வெளிவந்துள்ளன.

இவற்றைத் தட்டச்சு செய்தவர்கள் ஓரிடத்தில் கூடி இருந்தவர்கள் அல்லர். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டில் மற்றொருவர் மெய்ப்பு பார்ப்பார். நூலின் முகப்பில் அவர்கள் பெயர்கள் நன்றியுடன் பொறிக்கப்பட்டிருக்கும். ஏடெழுதியவர் சுவடியின் இறுதியில் தம் பெயரும் எழுதி முடித்த நாளும் குறித்து வைக்கும் மரபு நமக்கு உண்டல்லவா? அம்மரபு மின்நூலிலும் தொடர்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

எழுத்துரு என்னும் இடர்

தொடக்கத்தில் இவர்கள் சந்தித்த பெரிய இடர் எழுத்துருவைப் பற்றியது. கணிப்பொறிக்கு ‘அ’ என்ற எழுத்து தெரியாது; எண் ஒன்றே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வழக்கைக் கைக்கொண்டிருந்தது. ஒருவர் தம் எழுத்துருவில் அடித்த கட்டுரை, அடுத்தவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். திருநாதர்குன்றின் வட்டெழுத்து நமக்குப் புரியாமற்போக நூற்றாண்டுகள் ஆயின. இங்கோ அடுத்த மேசைக்குப் போவதற்குள்ளேயே எழுத்து புரியாமற்போயிற்று!

1991இல் வெளிவந்த ஒருங்குறி (யூனிகோடு) முறையில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அது நடைமுறையில் பரவியது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது. மதுரைத் திட்டத்தார் தாம் பழைய முறைகளில் உருவாக்கியிருந்த நூல்களை ஒருங்குறிக்கு மாற்றினர். அவர்கள் அவ்வாறு மாற்றாது விட்டிருந்தால் அவ்வளவு உழைப்பும் படிப்பாரற்ற கல்வெட்டாய்ப் போயிருக்கும்.

படம் வேறு, நூல் வேறு

இன்று நாம் கைப்பேசியில் வாங்கிப் பகிரும் நூல்களில் பெரும்பாலானவை உண்மையில் நூல்கள் அல்ல; நூற்பக்கங்களின் நிழற்படங்கள். அவற்றில் ஒரு சொல்லைத் தேட முடியாது. கைப்பேசியின் சிறு திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி ஓரத்தைத் தாண்டி ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையற்ற நண்பர்க்கு அது வெறும் வெற்றுத்தாள். எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் தமிழுக்கு வந்துவிட்டன. ஆயினும் படத்தைக் கண்டால் அவை ஊமையாகிவிடுகின்றன. அதே பக்கம் எழுத்தாக மாறினால், தேர்வுக்கு முந்தின இரவு பக்கத்தில் அமர்ந்து படித்துக்காட்ட ஒருவரை எதிர்பாராமல் அந்நண்பர் தாமே படித்துக்கொள்வார். படத்துக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். 2016ஆம் ஆண்டளவில் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் பட வடிவில் ஏற்றப்பெற்று, எழுத்துணரியின் வழியாக எழுத்தாக்கப்பட்டன. இனி வேலை முடிந்தது என்று எண்ணலாம். அங்கேதான் வேலை தொடங்குகிறது.

எழுத்துணரி விரைவாகப் படிக்கும். பொருள் அறிந்து படிக்காது. அதற்கு ரகரமும் காலும் ஒன்றே. ‘பரவை’ என்னும் கடல் ‘பாவை’ என்னும் பெண்ணாகிவிடும். ‘பரணி’ ‘பாணி’யாகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே ஆதலால் பிழைதிருத்தும் மென்பொருளும் இதைக் கண்டுகொள்ளாது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியன பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும். இரு பத்திகளாக அச்சிட்ட பக்கத்தைக் குறுக்கே படித்துக் கலந்துவிடுவதும் உண்டு. ஆகவே மனிதக் கண் வேண்டும். அதுவும் தமிழ் அறிந்த கண் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் விதைக்கு மணிலா உடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொறியில் கொடுத்தால் மூட்டைக்கணக்கில் உடைத்துத் தள்ளிவிடும். ஆனால் பருப்பில் கீறல் விழுந்தால் விதைக்கு ஆகாது. அதனால் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே உடைத்து, சொத்தையும் சுருங்கலும் நீக்கிப் பொறுக்குவார்கள். நூலும் விதைதான். இன்று நாம் விட்ட பிழை, இதிலிருந்து எடுக்கப்படும் ஆயிரம் படிகளிலும் முளைக்கும்.

விக்கிமூலத்தில் இப்பணிக்கு அழகானதொரு முறை வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் மூல நூலின் படம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மீண்டும் பார்த்துச் சரியென்றால் பச்சை. திருத்தியவரே தம் பக்கத்தைப் பச்சையாக்க இயலாது. நானும் ஓய்வு நேரங்களில் சில பக்கங்களைப் பார்த்து வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகிறது. வேறு எப்போதும் இவ்வளவு ஊன்றி ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் இலக்கண வகுப்பில் கேட்டதைவிட இங்கே நன்றாக மனத்தில் பதிந்தன.

அழகும் ஓர் அறம்

பிழை நீங்கினால் மட்டும் நூல் ஆகிவிடாது. இயல் தலைப்பு தலைப்பாகவே குறிக்கப்பட வேண்டும். பொருளடக்கத்தைத் தொட்டால் உரிய பக்கம் திறக்க வேண்டும். செய்யுள் அடி பிறழாது நிற்க வேண்டும். அடிக்குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சிறு கைப்பேசி, பெரிய கணிப்பொறி, மின்நூல் படிக்கும் கருவி ஆகிய எதில் திறந்தாலும் வரிகள் தாமே ஒழுங்குபட வேண்டும். இவ்வாறு வடிவமைத்து நூல்களை இலவசமாக வழங்கும் தொண்டில் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ குழுவினர் ஈடுபட்டுள்ளனர். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதழின் ஆசிரியர் த. சீனிவாசன் இதன் முன்னோடிகளில் ஒருவர். வாழும் எழுத்தாளர்களிடம் இசைவு பெற்று, அவர்தம் நூல்களைப் பல வடிவங்களில் இக்குழு வெளியிடுகிறது.

‘இசைவு பெற்று’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலவச நூலகம் என்பது களவு நூலகம் அன்று. நம் நாட்டுச் சட்டப்படி நூலாசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் நூல்கள் 2002 முடிவோடு பொதுவாயின. பாரதியாரின் எழுத்துகளைப் பொறுத்தவரை, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. அவ்வழியில் தமிழக அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளைப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. எழுதிப் பிழைக்கும் ஒருவரின் புதுநூலைப் படம்பிடித்துக் குழுக்களில் சுற்றுக்கு விடுவது தொண்டாகாது. அவர் அடுத்த நூலை எழுதவொட்டாமல் தடுப்பதாகும்.

சாம்பல் சொல்லும் செய்தி

1981ஆம் ஆண்டு மே இறுதி நாளிலும் ஜூன் முதல் நாளிலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் ஈழத்து இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் மின்நூலகத்தைத் தொடங்கினர். இன்று அதில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. நூல், நாளிதழ், சிறு துண்டறிக்கை, பள்ளி மலர் என எதையும் அவர்கள் சிறிதென்று தள்ளுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நெருப்பின் வாயிலாகக் கற்றவர்கள்.

நாம் செய்யக்கூடியது

அவலூர்பேட்டைக் கடைகளில் நோட்டுப் புத்தகமும் தேர்வு வழிகாட்டியும் கிடைக்கும். சங்க நூலுக்கு ஓர் உரை வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏற வேண்டும். வாங்கும் வசதி எல்லார்க்கும் இராது. நம் போன்றார்க்கு இந்த இலவச நூலகங்கள் பேருதவி. உதவி பெறுவதோடு நின்றுவிடலாமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருநூறு பக்க நூல் ஒன்று. இருபது மாணவர்; ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பக்கம். பத்து நாளில் நூல் முழுவதும் மஞ்சளாகும். பக்கங்களை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தால் இன்னும் பத்து நாளில் பச்சையாகும். ஒரு மாதத்துக்குள் ஒரு நூல் உயிர்பெறும். செலவு ஏதும் இல்லை. வேண்டியது தினமும் கால் மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும். தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் இதனை ஓர் இலக்கிய மன்றப் பணியாக ஏற்று வழிநடத்த வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொன்றும் உண்டு. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த ஆண்டு மலர் சில நூறு படிகளே அச்சாகிறது. இதற்கு முன் வந்த மலர்களில் நம் மூத்த மாணவர்கள் எழுதிய கவிதையும் கட்டுரையும் நூலகத்து அடுக்கில் பழுப்பேறிக்கொண்டிருக்கின்றன. அவர்களைத் தேடிக் கண்டு, இசைவு பெற்று, அவற்றிலிருந்தே நாம் தொடங்கலாமே!

அன்று ஏடு பெயர்த்தவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் புலவர்கள் அல்லர், உரையாசிரியர்களும் அல்லர். ஓர் எழுத்தும் விடாமல் எழுதி வைத்தார்கள், அவ்வளவே. அதனால்தான் நமக்குப் படிக்க நூல் இருக்கிறது. அந்த வரிசையில் நமக்கும் ஓர் இடம் காத்திருக்கிறது.