எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

கீழே விழுகிறவர் தம்மை அறியாமலேயே உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிடுவதால், உடலின் எடையும் விழுந்த வேகமும் ஒரே நொடியில் மணிக்கட்டிலும் முன்கையிலும் முழங்கையிலும் இறங்குகின்றன. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் இருசக்கர வாகனம் சறுக்கியோ, வரப்பில் வழுக்கியோ, கபடி ஆட்டத்திலோ இவ்வாறு விழுந்தவர்கள், எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்று அறிந்ததும் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதி பல வேளைகளில் நியாயமானதே எனினும், எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் நார்கள் எக்ஸ்ரேயில் பதிவதில்லை என்பதையும், அவை அறுந்ததை உரிய காலத்தில் கண்டறியாவிட்டால் கையின் வலு நிரந்தரமாகக் குறையலாம் என்பதையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

எலும்பை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்ப்பட்டையை மருத்துவர்கள் லிகமென்ட் என்றும், பொதுமக்கள் ஜவ்வு என்றும் குறிப்பிடுகின்றனர். தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் இதனின் வேறானது. ஜவ்வு இழுபட்டு நுண்ணிழைகள் மட்டும் சிதைவது முதல் நிலை, ஒரு பகுதி கிழிவது இரண்டாம் நிலை, முழுவதும் அறுந்து மூட்டு நிலைகுலைவது மூன்றாம் நிலை. முதலிரண்டு நிலைகளும் பெரும்பாலும் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், பட்டை, பயிற்சி ஆகியவற்றால் குணமாகின்றன. மூன்றாம் நிலைக்குப் பல வேளைகளில் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இரு வரிசைகளாக அமைந்துள்ளன. அவற்றுள் படகு வடிவ எலும்பையும் பிறை வடிவ எலும்பையும் இணைக்கும் ஜவ்வே கை ஊன்றி விழும்போது அதிகம் அறுபடுவது. காயம் பட்ட கையை இறுக மூடச் செய்து எக்ஸ்ரே எடுத்து மற்றக் கையோடு ஒப்பிடும்போது, இவ்விரு எலும்புகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் மருத்துவர் ஐயங்கொண்டு எம்ஆர்ஐ போன்ற பரிசோதனைக்கு அனுப்புவார். முதல் சில வாரங்களுக்குள் கண்டறிந்தால் அறுந்த ஜவ்வைத் தைத்துச் சீராக்க இயலும். விட்டுவிட்டால் எலும்புகள் இடம் மாறி உராய்ந்து, சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடும். சுண்டுவிரல் பக்கத்திலுள்ள முக்கோணக் குருத்தெலும்புத் தொகுதி கிழிந்தவர்களுக்கோ ஈரத்துணியைப் பிழியும்போதும், தரையில் கையூன்றி எழும்போதும் வலி சுரீரென்று ஏறும்.

முன்கையின் இரு நீண்ட எலும்புகளான ஆர எலும்பையும் அல்னாவையும் அகன்ற சவ்வு ஒன்று நெடுக இணைக்கிறது. ஆர எலும்பின் தலை நொறுங்குவதோடு இச்சவ்வும் கிழிந்து, மணிக்கட்டருகே இரு எலும்புகளின் பிணைப்பும் விலகும் காயத்தை 1951இல் பீட்டர் எஸ்செக்ஸ்-லோப்ரெஸ்டி விரிவாக எழுதினார். முழங்கை முறிவை மட்டும் கவனித்து மணிக்கட்டைச் சோதிக்காமல் விட்டால் இக்காயம் தப்பிவிடும் என்பதால், எங்கே வலித்தாலும் மேலும் கீழுமுள்ள மூட்டுகளையும் சேர்த்துச் சோதிப்பது மருத்துவ மரபு.

பெரியவர்களிடம் தோளுக்கு அடுத்தபடியாக அதிகம் நழுவும் பெரிய மூட்டு முழங்கையே. நழுவும்போது பக்கவாட்டு ஜவ்வுகள் கிழிகின்றன. எனினும் மூட்டைச் சரியாக அமர்த்தியபின் நீண்ட நாள் அசையாமல் கட்டி வைத்தால் முழங்கை விறைத்துவிடும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் பயிற்சியைத் தொடங்க வேண்டும். உட்புற ஜவ்வு அறுந்த அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு, 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் மற்றக் கையிலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தினார். அவர் மீண்டும் களமிறங்கி 1989 வரை விளையாடினார். சிறு குழந்தைகளை ஒரு கையைப் பிடித்து இழுத்துத் தூக்கும்போது, ஆர எலும்பின் தலையைச் சுற்றியுள்ள வளைய ஜவ்வு நழுவிக் குழந்தை கையை அசைக்க மறுக்கும். மருத்துவர் இதை நொடிகளில் சரிசெய்துவிடுவார்.

தமிழகத்தின் வட மாவட்டங்களில் புத்தூர் கட்டுக்கும், சுளுக்கு எடுத்து எண்ணெய் போட்டு உருவுவதற்கும் நெடுங்கால நம்பிக்கை உண்டு. அருகில் கிடைப்பதும் செலவு குறைவதும் அந்நம்பிக்கைக்கு வலுவான காரணங்கள். ஆனால் அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகலாம். வீக்கம் ஏறும் கையை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசைகள் அழியத் தொடங்கும். விரல்கள் மடங்கி ஊனமாகும் இந்நிலையை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் விளக்கினார். கட்டிய பின் விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி எடுத்தாலோ, கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில், 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை செயல்படுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. ஜவ்வுக் காயமோ அந்த நேரம் கடந்து வீக்கம் வடிந்த பிறகே தெளிவாகத் தெரிவது உண்டு. ஆகவே எக்ஸ்ரே சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வலியோ, பிடிமானக் குறைவோ, அசைக்கும்போது ‘டொக்’கென்ற ஒலியோ நீடித்தால், எலும்பு மருத்துவரிடம் மறுபடி கையைக் காட்ட வேண்டும். கரும்பு வெட்டியும் களை பறித்தும் பிழைக்கும் குடும்பத்துக்குக் கையின் வலுவே வருமானம் என்பதால், இந்த இரண்டாம் பரிசோதனைக்குச் செலவாகும் ஒரு நாள் கூலியை நட்டமாகக் கருதலாகாது.