விற்பவரின் வரி, வாங்குபவரின் தலையில்

வீடு வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் அலைந்து திரிந்து சரிபார்த்துவிடுகிறார்கள். வக்கீலிடம் கொடுத்துக் கருத்தும் வாங்கிவிடுகிறார்கள். விற்பவரின் பான் எண் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பத்திரம் பதிந்து, பால் காய்ச்சிக் குடிபோன பிறகு வருகிற வருமான வரி நோட்டீஸ்தான் அதைச் சொல்லித் தருகிறது. 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விலையுள்ள மனை, வீடு, ஃபிளாட் எதுவானாலும், கிராமப்புற விவசாய நிலம் நீங்கலாக, விலையில் 1 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் வாங்குபவர். 2013 ஜூன் 1 முதல் இருக்கிற விதி இது. ஆனால் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு திருத்தமும் இதை இறுக்கியிருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆடிட்டரைத் தேடுவதால் பயனில்லை. கிரய ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பான் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. விற்பவரின் பான் அப்படிச் செயலிழந்திருந்தால், பிடிக்க வேண்டியது 1 அல்ல, 20 விழுக்காடு. 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு ஒருவர் ஒழுங்காக 80,000 ரூபாய் பிடித்துக் கட்டியிருப்பார். சட்டக் கணக்கோ 16 லட்சம். மிச்சம் 15,20,000 ரூபாயையும் வட்டியையும் கேட்டு நோட்டீஸ் வருவது விற்றவருக்கு அல்ல, வாங்கியவருக்கு! இப்படிப் பலர் தவித்த பிறகுதான் 2025 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சலுகை அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் கொடுக்கப்படும் பணத்துக்கு, அந்த மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் விற்பவர் பானை உயிர்ப்பித்துவிட்டால் கூடுதல் பிடித்தம் கேட்கப்படாது. ஆனால் அந்தக் கெடுவைக் காப்பாற்றுவது விற்பவரின் கையில் இருக்கிறது. தவறினால் பாதிக்கப்படுவது நாம். வருமான வரித் துறை இணையதளத்தில் பான், ஆதார் இணைப்பின் நிலையைக் காசில்லாமல் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றும் கிரயத்தன்றும் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிடி கூட்டாக வாங்குகிறவர்களுக்கு. கணவனும் மனைவியும் ஆளுக்கு 40 லட்சம் போட்டு 80 லட்ச ரூபாய் வீடு வாங்கினால், தனித்தனிப் பங்கு 50 லட்சத்தைத் தொடவில்லை என்ற வாதத்தைத் தீர்ப்பாயங்கள் ஏற்றதுண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அந்த வழி அடைபட்டது. மொத்த விலைதான் கணக்கு. பேசிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமென்றால் 2022 ஏப்ரல் முதல் அதன்மேல்தான் பிடித்தம். கார் நிறுத்துமிடம், கிளப் உறுப்பினர் கட்டணம் போன்றவையும் விலையில் சேரும். தவணையாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணையிலும் பிடித்து, அந்த மாதம் முடிந்த 30 நாளுக்குள் கட்டிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். மேலே சொன்ன வீட்டுக்கு 400 நாளில் தாமதக் கட்டணமே 80,000 ரூபாயைத் தொட்டுவிடும். வட்டி தனி.

“அவர் வரிக்கு நான் ஏன் அலைய வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. வாழ்நாளில் ஒருமுறை வீடு வாங்கும் சம்பளக்காரருக்குக் கம்பெனிகளைப் போலக் கணக்குப்பிரிவு கிடையாது. பான் செயலிழந்தது விற்பவரின் தவறு. அதற்கான தண்டனை வாங்குபவருக்கு என்பது திருத்தப்பட வேண்டிய அநீதி என்றே நினைக்கிறேன். அதுவரை விதியைத் தெரிந்துகொண்டு நடப்பதே பாதுகாப்பு. பிடித்துக் கட்டும் 1 விழுக்காடு நம் கையிலிருந்து கூடுதலாகப் போவதில்லை. பேசிய விலையிலிருந்தே கழிகிறது, விற்பவரின் வரிக்கணக்கில் வரவாகிறது. சிலர் வேறொரு யோசனை சொல்வார்கள்: பத்திரத்தில் 49 லட்சம் காட்டு, மிச்சத்தை ரொக்கமாகக் கொடு. இதை நம்ப வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டவிரோதம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. வழிகாட்டி மதிப்பு பத்திர விலையை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். பேரம் முறிந்தால் ரொக்கத்தைத் திரும்பக் கேட்கக் கையில் சான்றும் இருக்காது.

விற்பவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வசித்துக்கொண்டு பவர் மூலம் விற்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பான் அட்டையில் சென்னை முகவரி இருப்பது எதையும் நிரூபிக்காது. வெளிநாடுவாழ் விற்பவருக்கு 50 லட்ச வரம்பும் இல்லை, 1 விழுக்காடும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தென்றால் 12.5 விழுக்காடும், அதன்மேல் செஸ்ஸும் மிகைவரியும். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை விற்பவரே வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து வாங்கித் தரட்டும். தான் இந்தியாவில் வசிப்பவரா இல்லையா என்பதையும், பான் செயலிழந்தால் வரும் கூடுதல் வரியைத் தானே ஏற்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டாலும் வழி இருக்கிறது. படிவத்தில் பிழையென்றால் இணையத்திலேயே திருத்தலாம். விற்றவர் அந்தத் தொகையைத் தன் கணக்கில் காட்டி வரியும் கட்டியிருந்தால், ஆடிட்டர் சான்றுடன் அதை நிரூபித்து, அசல் வரியிலிருந்து விடுபடலாம். வட்டி மட்டும் நிற்கும். அதுவும் தீராவிட்டால் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அதற்குக் கெடு 30 நாள்.