ஒளியிழையில் ஒளி எவ்வளவு குறையலாம்?

நிரையில் வெட்டிய பால் முழுவதும் நிறுவைக்கு வந்து சேர்வதில்லை. மங்கின் ஓரத்தில் சிறிது ஒட்டிக்கொள்கிறது; வாளியில் ஊற்றும்போது சிறிது சிந்துகிறது. இதனை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. ஆயின், பால் பாதியாகக் குறைந்துவிட்டால் காரணம் கேட்கிறோம். எவ்வளவு குறைவது இயல்பு, எவ்வளவுக்கு மேற்பட்டால் கோளாறு என்பதைப் பழக்கத்தால் அறிந்துள்ளோம். இணையச் சேவையைச் சுமந்து வரும் ஒளியிழை வடத்திற்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளைகளின் பாடமும் வங்கி அலுவல்களும் இணையத்தின் வழி நடைபெறும் இந்நாளில், அக்கணக்கை நாமும் அறிந்திருத்தல் நலம்.

ஒளியிழை என்பது யாது?

அது மிகத் தூய கண்ணாடியால் ஆன மெல்லிய இழை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. அதனூடே மின்சாரம் செல்வதில்லை. லேசர் ஒளி செல்கிறது. அவ்வொளியின் மிக விரைவான துடிப்புகளே செய்தியாகவும் படமாகவும் மறுமுனையில் மாற்றப்படுகின்றன.

கண்ணாடி எவ்வளவு தூயதாயினும் ஒளியில் ஒரு பகுதி வழியிலேயே சிதறிப்போகும். 1966ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் எனும் இருவர், ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே இழை பயன்படும் என்று காட்டினர். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையை உருவாக்கினர். காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய இழையிலோ, ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எஞ்சுகிறது.

இழப்பை அளப்பது எவ்வாறு?

பாலைக் கிலோவில் நிறுப்பதுபோல், ஒளியின் இழப்பை டெசிபல் எனும் அளவால் குறிப்பர். 3 டெசிபல் இழந்தால் ஒளி பாதியாகும். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒன்றாகும். 20 டெசிபல் இழந்தால் நூறில் ஒன்றாகும்.

நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழையில் 3.5 டெசிபல் குறையும். உருக்கி ஒட்டிய இணைப்புகள் ஐந்து, ஒன்றுக்கு 0.1 வீதம் 0.5 டெசிபல். செருகிக் கழற்றும் இணைப்பிகள் நான்கு, ஒன்றுக்கு 0.5 வீதம் 2 டெசிபல். ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பிரிப்பானில் ஏறக்குறைய 17 டெசிபல். ஆக மொத்தம் 23 டெசிபல்.

வீடுகளுக்கு இணையம் தரப் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 28 டெசிபல் வரை இழப்பு ஏற்கத்தக்கது. எனவே இவ்வீட்டிற்கு இன்னும் 5 டெசிபல் கையிருப்பு உள்ளது. நாளை வடம் அறுந்து புதிதாக ஒட்ட நேர்ந்தாலும் இக்கையிருப்பு தாங்கும். இழப்பெல்லாம் பழுதன்று, கணக்கை மீறிய இழப்பே பழுது என்பதை நினைவிற் கொள்வோமாக.

எல்லை கடந்தால் என்ன நேரும்?

ஒளி குறையக் குறையப் படமும் மங்கும் என எண்ணுதல் தவறு. எல்லைக்குள் இருக்கும்வரை சேவை குறைவின்றி நடைபெறும். எல்லையை நெருங்கியதும் தடுமாறும். கடந்ததும் அறவே நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணமாவன, இணைப்பியின் முனையில் படிந்த தூசியும், இழை கூர்மையாக மடங்குவதுமே. கதவிடுக்கில் நசுங்கிய இழையும், ஆணியில் இறுக்கிக் கட்டிய இழையும் ஒளியை வெளியே சிந்திவிடும்.

நாம் செய்யத்தக்கவை

பழுது பார்க்க வரும் தொழில்நுட்பரிடம், "ஒளி அளவு எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். மேற்கூறிய முறையில், வீட்டுப் பெட்டிக்கு வரும் அளவு மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருத்தல் வேண்டும். மைனஸ் எண் பெருகப் பெருக ஒளி குறைவு என்று பொருள். சென்ற முறை மைனஸ் 20 இருந்து இம்முறை மைனஸ் 26 ஆயின், சேவை நடைபெற்றாலும் எங்கோ கோளாறு உண்டு. அதனைச் சுட்டிக்காட்ட நமக்கு உரிமை உண்டு. அளவு சரியாக இருந்தும் இணையம் மெதுவாயின், காரணத்தை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

இழையைப் பிள்ளைகள் மடக்காமல் பார்த்துக்கொள்வோம். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது, எனினும் கண்ணுக்குத் தீங்கு செய்யலாம். தோட்டச் சாலையோரம் மண் தோண்டுமுன் வடம் செல்லும் இடத்தைக் கேட்டறிவோம். செம்பு என்றெண்ணி எவரேனும் அதனை வெட்டினால், அவருக்குக் கிடைப்பது காசுக்குதவாத கண்ணாடி. நாம் இழப்பதோ நம் பிள்ளைகளின் பாடம்.