மணிக்கட்டில் ஓர் ஊசி, சில நிமிடங்களில் பதில்... ஐ.சி.யூ-வில் ஏ.பி.ஜி. டெஸ்ட் ஏன் அடிக்கடி எடுக்கிறார்கள்?

ஐ.சி.யூ-வுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ``காலையிலதான் ரத்தம் எடுத்தாங்க... மறுபடியும் எதுக்கு எடுக்குறாங்க?'' பில்லில் `ஏ.பி.ஜி.' என்று நான்கைந்து முறை இருப்பதைப் பார்த்தால், சந்தேகம் இன்னும் கூடும். உள்ளே படுத்திருப்பவருக்கோ, கையில் வழக்கமாகப் போடும் ஊசியைவிட இந்த ஊசி அதிகமாக வலிக்கும்.

ஏ.பி.ஜி. என்பது தமனி ரத்தத்தில் இருக்கும் வாயுக்களை அளக்கும் பரிசோதனை. மூச்சுத்திணறல், செப்சிஸ், சர்க்கரை நோயின் தீவிர நிலை, சிறுநீரகச் செயலிழப்பு, விபத்து என்று உயிருக்குப் போராடும் நிலையில் வரும் ஒருவருக்கு அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை, பெரும்பாலும் இந்தப் பரிசோதனையை வைத்தே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். சரியான நேரத்தில், சரியாக எடுக்கப்பட்டால் இது உயிரைக் காக்கும். தவறாக எடுக்கப்பட்டால், சிகிச்சையையே தவறான திசைக்குத் திருப்பிவிடும்.

அப்படி என்ன சொல்கிறது இந்த டெஸ்ட்?

வழக்கமான ரத்தப் பரிசோதனைகளுக்குச் சிரையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். ஏ.பி.ஜி-க்குத் தமனியிலிருந்து எடுக்க வேண்டும். நாடி பார்க்கும் மணிக்கட்டுப் பகுதிதான் பெரும்பாலும் இதற்கான இடம். நுரையீரலிலிருந்து கிளம்பி உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும் ரத்தம் என்பதால், நுரையீரல் தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

முதலில் பார்ப்பது பிஎச். ரத்தத்தின் அமில, காரச் சமநிலையைக் காட்டும் எண் இது. ஆரோக்கியமானவருக்கு 7.35 முதல் 7.45 வரை இருக்கும். பார்வைக்கு மிகச் சிறிய இடைவெளிதான். ஆனால், 7.4 என்பது 7.1 ஆகக் குறைந்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை இரண்டு மடங்காகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, கார்பன் டை ஆக்ஸைடு. 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டும். மூச்சு போதுமான அளவு வெளியேறவில்லை என்றால் இது ஏறும். மூன்றாவது, ஆக்சிஜன். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு 80 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். நான்காவது, பைகார்பனேட். 22 முதல் 26 வரை இருக்கும் இந்த அளவு, சிறுநீரகமும் உடலின் வேதியியலும் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று காட்டும்.

இன்றைய கருவிகள் பலவும் அதே ஒரு சொட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், லாக்டேட் ஆகியவற்றையும் சேர்த்தே அளந்துவிடுகின்றன. ஒரு மில்லிக்கும் குறைவான ரத்தம் போதும். கருவியில் வைத்த சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதாதா?

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். அது ஆக்சிஜன் அளவையும் நாடித் துடிப்பையும் மட்டும்தான் காட்டும். கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டிருப்பதோ, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருப்பதோ அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும் ஒருவருக்கு ஆக்சிமீட்டர் 97 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி அவர் மயக்க நிலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

கார்பன் மோனாக்ஸைடு விஷயத்தில் ஆக்சிமீட்டர் ஏமாந்தே போகும். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினாலோ, காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தாலோ உருவாகக்கூடிய இந்த விஷ வாயு, ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி `நார்மல்' என்று காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வசதியுள்ள ரத்த வாயுக் கருவிதான் உண்மையைச் சொல்லும்.

கோபன்ஹேகன் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பரிசோதனை மருத்துவமனைகளுக்கு வந்ததன் பின்னணியில் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1952-ம் ஆண்டு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் மருத்துவமனைக்கு நோயாளிகள் அலை அலையாக வந்தார்கள். பலருக்குச் சுவாசத் தசைகளே செயலிழந்திருந்தன. அங்கே இருந்ததோ `இரும்பு நுரையீரல்' எனப்படும் பெரிய சுவாசக் கருவி ஒன்றும், மார்பில் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறும் மட்டுமே. முதல் சில வாரங்களில், சுவாசம் பாதிக்கப்பட்டுக் கருவி சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

அந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் அதிகமாக இருந்தது. `ரத்தம் காரத்தன்மை அடைந்திருக்கிறது, காரணம் புரியவில்லை' என்றே அங்கிருந்த மருத்துவர்கள் நினைத்தார்கள். தொற்றுநோய்ப் பிரிவின் தலைவர் லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை ஆலோசனைக்கு அழைத்தார். இப்சனின் கணிப்பு நேர் எதிராக இருந்தது. `இது காரம் இல்லை. மூச்சு வெளியேறாமல் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கியிருக்கிறது. ரத்தம் அமிலமாகியிருக்கிறது' என்றார் அவர்.

ஆகஸ்ட் 27 அன்று, மரணத்தின் விளிம்பில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூச்சுக்குழாயில் துளையிடச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார் இப்சன். தேங்கியிருந்த வாயு வெளியேறியது. சிறுமி பிழைத்தாள். மருத்துவமனை ஆய்வகத்தின் தலைவர் பௌல் ஆஸ்ட்ரப், ரத்தத்தின் பிஎச் அளவை நேரடியாக அளந்து பார்த்தபோது இப்சன் சொன்னது சரி என்பது உறுதியானது.

அதன்பிறகு நடந்ததை மருத்துவ உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. வென்டிலேட்டர்கள் இல்லாத நிலையில், சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, இரவு பகலாக நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து கையால் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நவீன ஐ.சி.யூ-வின் தொடக்கமாக இந்த நிகழ்வைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வாரங்களில் ஒன்று தெளிவாகியிருந்தது. நோயாளிக்கு எவ்வளவு காற்று தேவை என்பதை ரத்தத்தை அளந்துதான் சொல்ல முடியும், அதையும் உடனுக்குடன் அளக்க வேண்டும். அந்தத் தேவை புதிய கருவிகளுக்கு வழிவகுத்தது. ஆஸ்ட்ரப், சிறிதளவு ரத்தத்திலேயே கணக்கிடும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோ கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் மின்முனையையும், லேலண்ட் கிளார்க் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையையும் உருவாக்கினார்கள். 1950-களின் இறுதியில் ஜான் செவரிங்ஹாஸ் இவற்றை ஒரே கருவிக்குள் கொண்டுவந்தார். 1973-ல் முழுக்கத் தானாகவே இயங்கும் கருவி டென்மார்க்கிலிருந்தே வந்தது. இன்று நோயாளியின் படுக்கைக்கு அருகிலேயே வைக்கும் அளவுக்குக் கருவி சுருங்கிவிட்டது.

நிமிடங்கள் ஏன் முக்கியம்?

தீவிர ஆஸ்துமாவுடன் வரும் ஒருவர் வேகவேகமாக மூச்சு வாங்குவார். அப்போது கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துதான் இருக்க வேண்டும். அது `நார்மல்' என்று வந்தால் மருத்துவர்கள் நிம்மதி அடைவதில்லை, உஷாராகிறார்கள். நோயாளி களைத்துவிட்டார், எந்த நேரமும் மூச்சு நின்றுபோகலாம் என்பதற்கான அறிகுறி அது.

நாள்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு, ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவிகிதம் இருந்தால் போதும் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கொடுத்த ஆக்சிஜன் சரியா, அதிகமா என்பதை ஏ.பி.ஜி. காட்டிவிடும்.

செப்சிஸ் எனப்படும் தீவிரத் தொற்றில் லாக்டேட் அளவு முக்கியம். அது 2-க்கு மேல் இருந்தால், திசுக்களுக்குப் போதுமான ரத்த ஓட்டம் போகவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை என்று 2018-ல் வெளியான சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலில், லாக்டேட்டை அளப்பதும், 2-க்கு மேல் இருந்தால் மீண்டும் அளப்பதும் இடம்பெற்றன. `காலையில்தானே எடுத்தார்கள்' என்ற கேள்விக்கு ஒரு பதில் இது. கொடுத்த சிகிச்சை வேலை செய்கிறதா என்பது இரண்டாவது பரிசோதனையில்தான் தெரியும்.

சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன்கள் கூடி ரத்தம் அமிலமாகும்போது, பிஎச் அளவையும் பொட்டாசியத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் நிலையில் இன்சுலினைத் தொடங்கினால், அது மேலும் குறைந்து இதயத் துடிப்பைப் பாதிக்கும். சிறுநீரகச் செயலிழப்பில் இதற்கு நேர்மாறாகப் பொட்டாசியம் எகிறி, இதயமே நின்றுபோகலாம். ஆய்வக ரிப்போர்ட்டுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாத தருணங்கள் இவை.

பிறந்த குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உதவுகிறது. பிரசவத்தில் மூச்சுத்திணறல் ஏற்பட்ட குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் பிஎச் 7.0 அல்லது அதற்கும் கீழே இருந்தால், மூளை பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பை மருத்துவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். மூளையைக் காக்கும் குளிர்விப்பு சிகிச்சையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், அந்த ஓர் எண் சீக்கிரம் கிடைப்பது மிக முக்கியம்.

வேகம் மட்டும் போதாது!

தவறான எண் வேகமாகக் கிடைத்து என்ன பயன்? ஏ.பி.ஜி-யில் பெரும்பாலான தவறுகள் கருவிக்குள் நடப்பதில்லை. ரத்தம் எடுக்கும்போதும், அதைக் கருவிக்குக் கொண்டுபோகும்போதும்தான் நடக்கின்றன.

* சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலே ஆக்சிஜன் அளவு மாறிவிடும், கார்பன் டை ஆக்ஸைடு குறைத்துக் காட்டும். எடுத்தவுடன் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

* சிரிஞ்சுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை ஆக்சிஜனைச் செலவழித்து, லாக்டேட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதனால், 30 நிமிடங்களுக்குள் பரிசோதித்துவிட வேண்டும்.

* ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் தேவை. திரவ ஹெப்பாரின் அதிகமாகச் சேர்ந்தால் ரத்தம் நீர்த்து அளவுகள் குறையும். இதற்கென்றே உலர் ஹெப்பாரின் உள்ள சிரிஞ்சுகள் கிடைக்கின்றன. எடுத்ததும் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும்.

* வேகமாக உறிஞ்சினாலோ, குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும்.

* நோயாளி அப்போது எவ்வளவு ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருந்தார் என்று குறிக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. சாதாரணக் காற்றில் 60 மி.மீ. என்பது வேறு. 60 சதவிகித ஆக்சிஜன் கொடுத்தும் 60 மி.மீ. என்பது, நுரையீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம்.

கருவிக்கும் பராமரிப்பு வேண்டும். அளவு தெரிந்த மாதிரித் திரவத்தைக் கொடுத்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று தினமும் சரிபார்க்க வேண்டும். எந்த நோயாளியின் ரத்தம் என்பதை அங்கேயே பதிவு செய்யாவிட்டால், பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணுக்கு இவர் சிகிச்சை பெறும் நிலை வந்துவிடும்.

குடும்பத்தினர் கவனத்துக்கு...

நோயாளி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசியை எடுத்தபின் அந்த இடத்தைக் குறைந்தது 5 நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பது வழக்கம். இவர்களுக்கு இன்னும் அதிக நேரம் தேவைப்படும். பிறகு விரல்கள் மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ, மணிக்கட்டு வீங்கினாலோ உடனே நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும்.

அடிக்கடி பரிசோதனை தேவைப்படும் என்றால், தமனியில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியிருக்காது. அதேபோல, பிஎச், பைகார்பனேட் மட்டும் தெரிந்தால் போதும் என்ற சில சூழல்களில் சிரை ரத்தமே போதுமானது. `குழாய் வைக்க முடியுமா, சிரையில் எடுத்தால் போதுமா?' என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். `போன தடவையைவிட இப்போது எப்படி இருக்கிறது?' தனியாக ஓர் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்வதே நல்லது. மருத்துவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.