குவாதலூப்: கரும்பும் தப்பும்

சுற்றுலா விளம்பரங்களில் தீவு என்றால் ஆளில்லாத மணல்வெளிதான். கரீபியக் கடலோரம் பட்டாம்பூச்சி வடிவில் கிடக்கும் குவாதலூப்பும் அப்படித்தான் விற்கப்படுகிறது: தென்னை, நீலக்கடல், 1467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை, ரம். அந்த ரம்முக்குக் கரும்பு வெட்டினவங்க யாரு என்ற கேள்வி இந்தச் சொல்லாடலுக்குள் நுழைவதில்லை. மோகனூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுபவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் வருகிற கேள்வி அதுதான்.

1635இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்பு விளைவித்தார்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களில் பலர் பழைய எஜமானனின் வயலுக்குத் திரும்ப மறுத்தபோது முதலாளிகளின் பார்வை நம் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பரில் 'ஒரெலி' கப்பல் முதல் கூலிகளோடு போய்ச் சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் இவர்களில் ஏராளம். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு பிரிட்டிஷ் ஜில்லாக்களிலும் ஆள் பிடிக்க வழிவிட்டது. அந்த ஜில்லாக்களின் நிலைமை என்ன? தாது வருஷப் பஞ்சத்தை உள்ளடக்கிய பத்தாண்டில், 1871க்கும் 1881க்கும் நடுவே, அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைப்பதை 'விருப்பம்' என்று எழுதுகிற வரலாற்றை என்ன சொல்ல! தோட்டங்களில் கூலிகள் பட்ட பாட்டைக் காரணம் காட்டி 1888இல் பிரிட்டனே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களானார்கள்.

மொழி போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை, மதுரைவீரனும் போகவில்லை. குழம்பு 'கொலொம்போ' ஆகித் தீவின் பொது உணவாகிவிட்டது. கிடாவெட்டும் தொடர்கிறது. 1950ஆம் வருஷச் சட்டத்தைத் தூசிதட்டி 2003இல் இங்கே பலியைத் தடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்து 2004இல் சட்டமே போயிற்று. நம்ம குலசாமிகளை யார் திருத்துவது என்ற சண்டை இங்கேதான் ஓயவில்லை.

இப்போது கபெஸ்தேரில் உள்ள சாங்கி கோயில் பயணிகள் பார்க்கும் இடம். கோபுரம் 'வண்ணமயம்' என்பதால் விளம்பரத்துக்குள் வருகிறது, கரும்புக்காடு வெளியே நிற்கிறது. கொல்லிமலையை மூலிகையும் அருவியுமாக மட்டும் விற்கிறவர்களுக்கு இந்தத் தந்திரம் புதுசல்ல.

ஆனால் அந்தக் கோயில்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமியை அழைக்க அங்கே தீயில் காய்ச்சி அடிக்கிற மேளத்துக்குப் பெயர் 'தப்பு'. இங்கே பல ஊர்களில் அதை அடிக்கிறவரைக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறோம்.