ஈம் (இங்கிலாந்து)

ஈம் என்பது இங்கிலாந்தின் டார்பிசையர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். 1665-66 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் (பிளேக்) பரவியபோது, அது அயலூர்களுக்குப் பரவாதிருக்கும் பொருட்டு இவ்வூர் மக்கள் தம்மைத் தாமே தனிமைப்படுத்திக் கொண்டனர். இதனால் இது 'கொள்ளைநோய்ச் சிற்றூர்' எனவும் அழைக்கப்படுகிறது.

வரலாறு

இப்பகுதி நெடுங்காலம் ஈயச் சுரங்கத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1665 இல் இலண்டனிலிருந்து இங்குள்ள தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் வழியாக நோய் நுழைந்தது என்பது மரபுவழிச் செய்தி. துணியைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டம்பரில் முதலாவதாக இறந்தார்.

குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் மீண்டும் கடுமையானது. அப்போது பங்குக்குருவாக இருந்தவர் வில்லியம் மொம்பெசன். அவருக்கு முன் அப்பணியில் இருந்த தாமஸ் ஸ்டான்லி, சமயக் கொள்கை வேறுபாட்டால் பதவி இழந்தவர். எனினும் மக்களின் மதிப்பைப் பெற்றிருந்தார். இருவரும் வேற்றுமை மறந்து இணைந்து, மூன்று ஏற்பாடுகளை மக்கள் ஏற்கச் செய்தனர்:

* இறந்தோரை அவரவர் குடும்பத்தினரே தம் நிலத்தில் அடக்கம் செய்தல்
* தேவாலயத்தை மூடி, திறந்தவெளியில் வழிபடுதல்
* ஊர் எல்லையை எவரும் கடவாதிருத்தல்

தேவையான உணவு எல்லையில் வைக்கப்பட்டது. டெவன்சையர் பிரபுவும் உதவினார். நோய்க்குக் காரணமான பாக்டீரியா 1894 இல்தான் கண்டறியப்பட்டது. அதனை அறியாத காலத்திலேயே இம்மக்கள் விலகியிருத்தலின் பயனை உணர்ந்து செயற்பட்டனர்.

1666 நவம்பரில் நோய் ஓய்ந்தது. ஏறத்தாழ 260 பேர் இறந்தனர். தம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவருடன் தங்கிய மொம்பெசனின் மனைவி காத்தரினும் அவர்களுள் ஒருவர்.

குறிப்பிடத்தக்க இடங்கள்

* புனித லாரன்சு தேவாலயம்: இதன் முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவையும் காத்தரினின் கல்லறையும் உள்ளன. சுவரில் 1775 ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் காணப்படுகிறது.
* எல்லைக்கல்: இதன் குழிகளில் வினாகிரி ஊற்றி, உணவுக்கான நாணயங்களை இட்டு வைத்தனர்.
* மொம்பெசன் கிணறு: வெளியூரார் உணவுப்பொருட்களை வைத்துச் சென்ற மற்றோர் இடம்.
* ரைலி கல்லறைகள்: எலிசபெத் ஹான்காக் என்ற பெண், 1666 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இங்கு அடக்கம் செய்தார்.
* கக்லெட் டெல்ஃப்: திறந்தவெளி வழிபாடு நடைபெற்ற பள்ளத்தாக்கு.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு, உயிர்நீத்தோரின் நினைவாக 'கொள்ளைநோய் ஞாயிறு' எனக் கடைப்பிடிக்கப்படுகிறது.